வலுவிழந்துவிட்டது என்றார்கள்

மதுரையில் கடல் கிடையாது. கல்யாணமான புதிதில் ராமேசுவரம் போய் முழுக்குப் போட்டுவிட்டு வந்ததோடு சரி, அதற்குப் பிறகு நான் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்குக் கடலைத் தவிர வேறு நினைப்பு ஓடாது. காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் செல்போனை எடுத்து வங்கக்கடலைப் பார்ப்பேன். திட்டுத் திட்டாக வெள்ளை மேகம் கிடக்கும். அதில் எது சுற்றுகிறது, எது சும்மா கிடக்கிறது என்று விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். சுற்றுகிற மாதிரி ஒன்று தெரிந்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

எட்டாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அந்தமான் எங்கே இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பார்கள். எனக்குப் புயலைப் பார்த்துத்தான் தெரியும். தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், அதற்கப்புறம் புயல் என்கிற வரிசையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். வானிலை சொல்லுகிற தம்பிகள் மூன்று பேரை வீடியோவில் பார்ப்பேன். ஒருவர் எப்போதும் பயமுறுத்துவார். ஒருவர் பயப்பட ஒன்றுமில்லை என்பார். இன்னொருவர் இரண்டுக்கும் நடுவில் பேசுவார். நான் மூன்றையும் கேட்டுவிட்டுப் பயமுறுத்துகிறவர் சொல்வதைத்தான் நம்புவேன். என் குணம் அப்படி. பால் பொங்கி வழிவதற்கு முன்னாலேயே எனக்குத் தீய்ந்த வாடை அடிக்கும்.

என் வீட்டுக்காரர் இதைப் பார்த்துச் சிரிப்பார். கடல் இங்கிருந்து எம்புட்டுத் தூரம் தெரியுமா என்று கேட்பார். தூரம் எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீரும் கண்மாய்த் தண்ணீரும் அணைத் தண்ணீரும் அந்தக் கடலில் கிளம்புகிற ஏதாவது ஒன்று இந்தப் பக்கமாக நடந்து வந்தால்தான் உண்டு. வராவிட்டால் நாற்று கருகும். வரக் கூடாத நேரத்தில் வந்தால் விளைந்தது அழுகும். ஒரே சாமியிடம் வா என்றும் கேட்க வேண்டும், வராதே என்றும் கேட்க வேண்டும். எப்போது எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ளத்தான் நான் பார்க்கிறேன். வேறு எதற்கு?

நாங்கள் குடியிருப்பது விளாங்குடியில். வீட்டுக்காரர் தல்லாகுளத்தில் ஒரு அலுவலகத்துக்கு ஜீப் ஓட்டுகிறார், ஒப்பந்த வேலை. எங்கள் வயல் பரவை தாண்டி, திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளே போகிற பாதையில் இருக்கிறது. மேலே ரோட்டை ஒட்டி ஒரு துண்டு, கீழே வாய்க்காலை ஒட்டி ஒரு துண்டு. சுற்றியிருந்த வயல்களில் முக்கால்வாசி மனையடியாகிவிட்டது. வரப்பை வெட்டி மண் அடித்து, கல் ஊன்றி, கல்லின் தலையில் மஞ்சள் பெயிண்ட் பூசி, முகப்பில் ஒரு வளைவு கட்டி ஏதோ ஒரு நகர் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். வீடு ஒன்றும் வருவதில்லை. வேலிக்கருவைதான் வருகிறது. எங்கள் வயலைக் கேட்டும் ஒரு புரோக்கர் ரொம்ப நாளாக நடந்துகொண்டிருந்தார். மரியாதையான மனிதர். வரும்போதெல்லாம் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வருவார்.

அந்த வருசம் நடவு முடிந்த அன்றைக்கே வீட்டுக்காரர் என்னிடம் சொல்லிவிட்டார்.

“இந்தப் போகம் ஒழுங்கா விலையாகிக் கைக்கு வந்துச்சுன்னா வெள்ளாமை பாப்போம். வரலைன்னா கல்லு ஊன விட்டுருவேன். பெறகு என்னைய ஒண்ணும் சொல்லக் கூடாது.”

கோபமாகச் சொல்லவில்லை. குழம்புக்கு உப்புக் குறைகிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. கோபத்தில் சொன்னதை அவர் மறுநாள் மறந்துவிடுவார்.

அந்த வயல் என் மாமனார் வழிச் சொத்து. என் பெயரில் ஒரு வரப்புகூடக் கிடையாது. ஆனாலும் என்னிடம் யோசனை கேட்கிற ஒரே இடம் அதுதான். பிள்ளைகள் படிப்பு, வீட்டுக்கு என்ன வாங்குவது, யாருக்கு என்ன செய்முறை என்பதிலெல்லாம் எட்டாவது படித்தவள் வாயைத் திறக்க முடியாது. வயலில் மட்டும், உரம் போடலாமா, தண்ணீரை வடிக்கலாமா, பூச்சி விழுந்திருக்கிறதா என்று அவர் என் முகத்தைப் பார்ப்பார். அந்த வயல் போய்விட்டால் நான் அடுப்படிக்குள்ளேயே இருந்து எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டிருக்க வேண்டியதுதான். பயப்படுவதற்கு ஒரு வேலையாவது இருக்கட்டுமே என்றுதான் நினைத்தேன்.

அணையில் தண்ணீர் தாமதமாகத் திறந்தார்கள். அதனால் அறுப்பும் தள்ளிப் போய்விட்டது. கதிர் முற்றி மஞ்சளாகிக்கொண்டிருக்கும்போது அந்தமானுக்குக் கீழே ஒன்று சுற்ற ஆரம்பித்தது. நான் வீட்டுக்காரரைப் பிடித்து அரித்து எடுத்துவிட்டேன். நான் அரிக்காவிட்டாலும் அவர் அறுத்திருப்பார், ஏனென்றால் அந்த வட்டாரமே அறுவடை மிஷினுக்கு அலைந்தது. மிஷின்காரர் போனை எடுக்கவில்லை. வீட்டுக்காரர் அவர் நிற்கிற வயலுக்கே போய் வரப்பில் உட்கார்ந்து கூட்டிக்கொண்டு வந்தார். இன்னும் கொஞ்சம் காயவிட்டிருக்கலாம் என்கிற பருவத்தில்தான் அறுத்தோம். நெல்லைக் கையில் அள்ளினால் ஈரம் தெரிந்தது.

அங்கிருந்துதான் வேதனை ஆரம்பித்தது. கண்மாய்க்கரையை ஒட்டிய பொட்டலில்தான் அரசாங்கக் கொள்முதல் நிலையம். நாங்கள் அதைக் களம் என்போம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு தராசு, வெளியே திறந்த பொட்டல், அவ்வளவுதான். எல்லோரும் புயலுக்குப் பயந்து ஒரே நேரத்தில் அறுத்துவிட்டதால் பொட்டல் முழுக்க நெல் அம்பாரமாகக் குவிந்து கிடந்தது. பில் போடுகிற தம்பி ஒரு சின்னப் பெட்டியில் ஒரு கை நெல்லைப் போட்டுத் திருகி ஈரப்பதம் பார்ப்பார். பதினேழுக்கு மேல் காட்டினால் எடுக்க மாட்டார். எங்களுடையது மேலேதான் காட்டியது. யாருடையதுதான் காட்டவில்லை?

“காயப்போட்டுக் கொண்டாங்கக்கா. நான் எடுத்தாலும் குடோன்ல திருப்பி அனுப்பிருவாங்க” என்றார்.

இதில் உள்ள சங்கடத்தைச் சொன்னால்தான் புரியும். ஈரம் போக வேண்டுமென்றால் நெல்லைத் தரையில் பரப்ப வேண்டும். பரப்பினால் மழைக்குத் திறந்து கிடக்கும். மழைக்குப் பயந்து குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளே புழுங்கும். மூடிய அம்பாரத்துக்குள் கையை விட்டுப் பார்த்தால் காய்ச்சல்கார உடம்பு மாதிரிச் சுடும். சுட்டால் முளைக்கும். பரப்பினாலும் போச்சு, மூடினாலும் போச்சு. வானத்தைப் பார்த்துப் பரப்பி, வானத்தைப் பார்த்து மூட வேண்டும்.

எங்களிடம் தார்ப்பாய் கிடையாது. பரவையில் பந்தல் சாமான் வாடகைக்குக் கொடுக்கிற கடையிலிருந்து எடுத்து வந்தோம். களத்தில் பாதிப் பேர் அந்தக் கடைத் தார்ப்பாயைத்தான் போட்டிருந்தார்கள். காலையில் வெயில் வந்ததும் தார்ப்பாயை விலக்கிப் பரப்புவோம். காலால் கோடு கோடாகக் கிளறிக்கொண்டே நடப்போம். மேகம் கறுத்தால் பலகையால் தள்ளிக் குவிப்போம். ஒரு தூறல்கூட விழாது. திரும்பவும் பரப்புவோம். இப்படியே நாட்கள் போயின. என் இடுப்பு எனக்குச் சொந்தமில்லை என்று ஆகிவிட்டது.

எங்கள் அம்பாரத்துக்குப் பக்கத்தில் ஒரு அண்ணனின் அம்பாரம். எங்கள் கீழ்த் துண்டுக்கு அடுத்த வயல் அவருடையது. பிள்ளைகள் திருப்பூரில். தனியாளாக வெள்ளாமை பார்க்கிறார். அவரிடம் சொந்தமாக ஒரு பழைய தார்ப்பாய் இருந்தது. என்னை ஆத்தா என்பார், என் வீட்டுக்காரரை மாப்ள என்பார். நான் செல்போனை எடுத்தாலே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

“என்னத்தா, உன் புயலு எங்கன நிக்குது?”

“அதே எடத்துலதாண்ணே. நகரவே இல்ல.”

“அங்கிட்டும் ரோட்டத் தோண்டிப் போட்டுருப்பாய்ங்க போல.”

களத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஒவ்வொருவராக என் பக்கம் வந்து, எதற்கும் இன்னொரு தடவை பாருங்கள் என்றார்கள். எனக்குப் புயலக்கா என்று பெயரே வைத்துவிட்டார்கள். சந்தோசப்பட வேண்டிய பெயரா அது? நான் ஒன்று சொல்லி அது நடக்காவிட்டால் என்ன செய்வது என்று அதற்கும் ஒரு பயம் சேர்ந்துகொண்டது. அதனால் நான் எதையும் என் வாயால் சொல்ல மாட்டேன். போனை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டிவிடுவேன்.

எங்கள் பக்கத்தில் டீக்கடையில் உட்காருகிற எல்லோருக்கும் ஒரு கணக்குத் தெரியும். புயல் தெற்கே நாகப்பட்டினம், ராமநாதபுரம் பக்கம் வந்தால் மதுரைக்கு மழை. வடக்கே சென்னைப் பக்கம் போனால் இங்கே இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும், வெயில் சுள்ளென்று அடிக்கும். பல வருசமாகப் பார்த்து வைத்திருக்கிற கணக்கு. அதனால் அந்தப் புயல் வடக்குப் பக்கமாகத் திரும்பியதும் களத்தில் எல்லோர் முகமும் தெளிந்தது. அங்கே இருக்கிறவர்களை நினைத்து உச்சுக் கொட்டினோம். உச்சுக் கொட்டிக்கொண்டே சந்தோசப்பட்டோம். அது பாவம்தான். ஆனால் நெல்லைக் களத்தில் போட்டுவிட்டு நிற்கிறவர்களுக்கு வேறு மாதிரி இருக்க வராது.

புயல் கரையைக் கடந்தது. மறுநாள் காலையில் செய்தியில், புயல் வலுவிழந்துவிட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். என்னுடைய மூன்று தம்பிகளும் சொன்னார்கள். பயமுறுத்துகிறவரே வலுவிழந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, உடன் இருந்ததற்கு எல்லோருக்கும் நன்றி என்றார். அதற்குப் பிறகு அவர் ஏதோ நகர்வைப் பற்றியும் சொன்னார். நான் அதற்குள் எழுந்து சோறு வடிக்கப் போய்விட்டேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறு பசித்தது.

நல்ல வெயில். களம் முழுக்க நெல்லைக் கனம் குறைவாகப் பரப்பினோம். நடக்க இடமில்லை. பார்க்கிற இடமெல்லாம் மஞ்சள். பந்தல் கடைக்காரர் போன் போட்டார். கார்த்திகை முகூர்த்தம், ஒரு கல்யாணத்துக்குச் சமையல் கொட்டகை போட வேண்டும், புயல்தான் போய்விட்டதே, தார்ப்பாயைக் கொடுத்துவிடுங்கள் என்றார். நியாயமான பேச்சு. களத்தில் இருந்தவர்கள் சேர்ந்து ஒரு லோடு ஆட்டோவை வரச் சொல்லி, இருந்த வாடகைத் தார்ப்பாய் எல்லாவற்றையும் மடித்து ஏற்றி அனுப்பினோம். நானும் ஒரு முனையைப் பிடித்து மடித்தேன். என் பயத்தைக் கேட்டு யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் அன்றைக்கு எனக்குப் பயமே இல்லை.

வலுவிழந்தது என்றால் என்ன என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. வலு என்று அவர்கள் சொல்வது காற்றை. கடற்கரையில் இருக்கிறவர்களுக்குக் காற்றுத்தான் எமன். கூரையைத் தூக்கும், படகைக் கவிழ்க்கும். காற்று அடங்கினால் அவர்களுக்குப் பாதி உயிர் வந்துவிடும். நாங்கள் இருக்கிற இடத்துக்குப் புயல்காற்று எப்போது வந்தது? எங்களுக்குத் தண்ணீர்தான் எமன். காற்று போன பிறகும் அந்தத் தண்ணீர் எல்லாம் அதன் வயிற்றுக்குள்ளேதான் இருக்கும். சத்தமில்லாமல் தரைமேல் நடந்து, மேற்கே மலையைப் பார்க்கத் திரும்பி, போகிற வழியில் இறக்கி வைத்துவிட்டுப் போகும். வடக்கே கரையேறினால் நமக்கு வெயில் என்று எங்கள் கணக்கு சொன்னது சரிதான். ஏறிய பிறகு அது எந்தப் பக்கம் நடக்கும் என்பதற்கு எங்களிடம் கணக்கு இல்லை.

மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு நான் கொட்டகை நிழலில் கண்ணயர்ந்திருந்தேன். அண்ணன்தான் எழுப்பினார். வடக்கே வானம் ஒரு சுவர் மாதிரி இருந்தது. கறுப்புக்கூட இல்லை. ஈயம் பூசாத பாத்திரத்தின் அடி மாதிரி ஒரு நிறம். கிளி, காக்கா எதுவும் கத்தவில்லை.

எல்லோரும் ஓடினோம். பலகை இல்லாதவர்கள் தட்டால் தள்ளினார்கள், முறத்தால் அள்ளினார்கள். நான் முழங்கால் போட்டு இரண்டு கையாலும் வாரினேன். அவ்வளவு பரப்பியதைக் குவிப்பதற்கு எம்புட்டு நேரம் வேண்டும்? பாதிகூடக் குவியவில்லை, முதல் துளி என் முதுகில் விழுந்தது. கூழாங்கல் விழுந்த மாதிரி விழுந்தது.

வேலைக்கு லீவு போட்டு வந்திருந்த வீட்டுக்காரர் பந்தல் கடைக்காரருக்குப் போன் போட்டார். எடுத்தார். தார்ப்பாய் மண்டபத்துக்குப் போய்விட்டது, மேலே கட்டியாகிவிட்டது என்றார். வீட்டுக்காரர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து ஓடினார். அங்கே யாருக்கோ கண்ணீர் அஞ்சலி என்று பெரிய பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதைக் கிழித்து இழுத்துக்கொண்டு வந்தார். செத்துப்போனவர் முகம் மண்ணில் தேய்ந்துகொண்டே வந்தது. அதைத் திருப்பிப் போட்டு அம்பாரத்தின் ஒரு பக்கத்தை மூடினோம். மறு பக்கம் திறந்து கிடந்தது. கொட்டகையில் ஒருத்தி இரவல் தந்த நைட்டியை மாட்டிக்கொண்டு, என் சேலையை உருவி அதன் மேல் போட்டேன். சேலை எதை மறைக்கும்?

அண்ணனிடம் அந்தப் பழைய தார்ப்பாய் இருந்தது. களத்தில் அது ஒன்றுதான் மிச்சம். ஒரு அம்பாரத்தை மூடினால் சரியாக மூடும். இரண்டுக்கும் சேர்த்து இழுத்தால் இரண்டும் நனையும். வீட்டுக்காரர் அவரைப் பார்த்து நடந்தார். கேட்பதற்காகப் போனாரா, அவருக்குக் கைகொடுக்கப் போனாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அண்ணன் ஏற்கெனவே தன் அம்பாரத்தின் மேல் அதை விரித்து ஓரத்தில் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவே இல்லை.

“மாப்ள, என்கிட்ட கேட்டுறாத” என்றார்.

“கேக்கல மச்சான். அந்தப் பக்கத்துக் கல்ல நான் வைக்கேன்” என்றார் இவர்.

வைத்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கல்லை வைத்துவிட்டு இவர் திரும்பி வந்தபோது எங்கள் அம்பாரத்திலிருந்து நெல் தண்ணீரோடு சேர்ந்து கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. சாக்கை வைத்துத் தடுத்தேன். சாக்கைச் சுற்றிக்கொண்டு ஓடியது. கையால் மறித்தேன். விரல் சந்தில் ஓடியது. நான் கத்தினேனா அழுதேனா தெரியாது, மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்புறம் வீட்டுக்காரர் செய்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பிளெக்ஸ் காற்றில் தூக்கித் தூக்கி அடித்தது. அவர் ஏறி அதன் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். கையையும் காலையும் அகட்டி வைத்து, ஒரு ஆள் எவ்வளவு இடத்தை மூட முடியுமோ அவ்வளவையும் மூடிக்கொண்டு படுத்திருந்தார். மின்னல் வெட்டியது. எல்லோரும் கொட்டகைக்குள் போய்விட்டார்கள். நான் அவர் காலைப் பிடித்து இழுத்தேன்.

“வாங்க. போகட்டும், வாங்க.”

“நீ போ.”

“இடி விழுகுதுங்க. எனக்கு நெல்லு வேணாம். வாங்க.”

அவர் முகத்தை அந்தப் பிளெக்ஸில் பதித்திருந்தார். உயிரோடு இருக்கிறாரா என்றே எனக்குப் பயம் வந்துவிட்டது. கடைசியில் அண்ணனும் பில் போடுகிற தம்பியும் வந்து ஆளுக்கொரு தோளைப் பிடித்துத் தூக்கிக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் தன் துண்டைப் பிழிந்து அவருக்குத் தலை துவட்டிவிட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இருட்டுகிற வரைக்கும் பெய்தது, இருட்டிய பிறகும் பெய்தது. நாங்கள் நனைந்தபடியே விளாங்குடிக்கு வந்து சேர்ந்தோம்.

அதற்குப் பிறகும் வானம் தெளியவில்லை. தூறிக்கொண்டே இருந்தது. வெயில் வந்த பிறகு அம்பாரத்தைப் பிரித்தோம். புளித்த தோசை மாவு வாடை அடித்தது. உள்ளேயிருந்து ஆவி கிளம்பியது. அடியில் நெல் தனித்தனியாக இல்லை. வெள்ளை வேர் விட்டு ஒன்றோடொன்று பின்னிக் கோரைப்பாய் மாதிரி கிடந்தது. மண்வெட்டியால் வெட்டினால் கட்டி கட்டியாகப் பெயர்ந்து வந்தது. பில் போடுகிற தம்பி வந்தார். அந்தப் பெட்டியை அவர் கையில் எடுக்கவே இல்லை. ஒரு கட்டியைப் பிட்டு முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“அக்கா, இத என்னால எடுக்க முடியாதுக்கா” என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பிளெக்ஸுக்கு அடியில் இருந்தது மட்டும் கொஞ்சம் தப்பியிருந்தது. அதாவது வீட்டுக்காரர் படுத்திருந்த இடம். அதைத் தனியாக அள்ளிக் காயவைத்துச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டோம். மிச்சத்தை வாத்து மேய்க்கிற ஒருவர் வந்து தீனிக்கு அள்ளிக்கொண்டு போனார்.

அதே மழையில் கண்மாய் நிரம்பிவிட்டது. அணைக்குத் தண்ணீர் வந்துவிட்டது. பரவை மார்க்கெட்டில் ஆளாளுக்குச் சந்தோசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், இனி அடுத்த போகத்துக்குக் கவலையில்லை என்று. நான் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே கேட்டேன். யாரைக் கோபிப்பது?

வீட்டுக்காரர் ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, புரோக்கரை வரச் சொல்லியிருக்கிறேன் என்றார். மேலே ரோட்டை ஒட்டிய துண்டு இப்போது, வாய்க்காலை ஒட்டியது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னை ஒன்றும் சொல்லக் கூடாது என்று அவர் முன்னாலேயே சொல்லிவிட்டாரே. நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மேல் துண்டு போனால் கீழ்த் துண்டுக்குப் பாதை கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

புரோக்கர் ஆட்களோடு வந்தார். டிராக்டரில் கல் ஏற்றி வந்திருந்தார்கள். நானும் போய் வரப்பில் நின்றேன். அளந்து, கயிறு பிடித்து, மூலையில் முதல் கல்லை ஊன்றினார்கள். அது சாய்ந்தது. நிமிர்த்திச் சுற்றி மண் போட்டு மிதித்தார்கள். மிதிக்க மிதிக்கக் கல் சேற்றுக்குள் இறங்கிக்கொண்டே போய்த் தலை மட்டும் வெளியே தெரிந்தது. இன்னொரு இடத்தில் ஊன்றினார்கள். அதுவும் அப்படித்தான். டிராக்டரை உள்ளே இறக்கினால் ஏறாது என்று டிரைவர் சொல்லிவிட்டார். புரோக்கர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

“காயட்டும்மா. நல்லா நாலு வெயில் அடிக்கட்டும். காஞ்சதும் சொல்லுங்க, வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து செல்போனை எடுத்தேன். அந்தமானுக்குத் தெற்கே மேகம் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றுகிற ஒன்றைப் பார்த்து வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பயம் வரவில்லை. வா என்று மனசு சொன்னது. தெற்கே வா, ராமநாதபுரம் பக்கம் வா, எங்கள் மேல் வயலில் முழங்கால் தண்ணீர் நிற்கிற மாதிரி வா, தை வரைக்கும் காயாமல் இருக்கட்டும் என்று அந்தச் சின்னக் கண்ணாடியைப் பார்த்து வேண்டினேன். மூன்று தம்பிகளையும் பார்த்தேன். பயமுறுத்துகிறவர் வரும் என்றார். அவர் வாயில் சர்க்கரை போட வேண்டும் என்று நினைத்தேன். இதைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள். ஆனால் அந்தச் சேற்றைத் தவிர என் பக்கத்தில் நிற்பதற்கு வேறு எதுவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து அந்த அண்ணன் போன் போட்டார். மழையன்றைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. மூடி வைத்த நெல் ஓரத்தில் கொஞ்சம் கெட்டுப்போய் மிச்சம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஈரப்பதம் இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும் என்று எடுக்காமல் விட்டுவிட்டார்கள், இன்னும் களத்தில்தான் கிடக்கிறது, பரப்பினால் காய்ந்துவிடும் என்றார். 

“ஆத்தா, அந்தமான் பக்கம் ஒண்ணு இருக்குங்கிறாய்ங்க. வருதா? பரப்பலாமா?”

 நான் வரச் சொல்லி வேண்டிக்கொண்டிருப்பது அவர் அம்பாரத்தின் மேல்தான் வந்து இறங்கும். அவர் கல் அடுக்கிக்கொண்டிருந்ததும், தலையைத் தூக்காததும், பிறகு துண்டைப் பிழிந்து தலை துவட்டியதும் எல்லாம் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தது. வராதுண்ணே, பரப்புங்க என்று சொல்ல ஒரு நிமிசம் ஆகாது. அப்படிச் சொல்லத் தோன்றியது என்பதே எனக்குப் பயமாக இருந்தது.

“வருதுண்ணே. பரப்பாதீங்க. அந்தத் தார்ப்பாய எடுத்துறாதீங்க. யாராவது வலு கொறஞ்சிருச்சுன்னு சொன்னாலும் எடுக்காதீங்க.”

“சரித்தா” என்றார். அப்புறம், “மாப்ள எப்படி இருக்காப்ல?” என்றார்.

இருக்கிறார் என்றேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பி, சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டு நின்றார். போனில் யார் என்று அவர் கேட்கவில்லை. புரோக்கர் கேட்கிறார், மேல் வயல் காய்ந்துவிட்டதா என்று மட்டும் கேட்டார்.

“இன்னும் காயல” என்றேன்.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. காலையில் துவைத்துப் போட்ட துணியெல்லாம் கொடியில் விறைத்துப்போய்க் காய்ந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் போய்த் துணியை எடுக்காமல், செல்போனை எடுத்தேன்.